அலமாரியில் அடுக்கிய சோப்புகள்

கடலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஆவலைவிடக் கோபம்தான் அதிகம் இருக்கிறது. அதனால் முதலில் வீட்டுச் செய்திகள், கோபம் அப்புறம்.

அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிப்படி ஏறி மொட்டைமாடி வரை போய், பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று பார்த்துவிட்டு வரும் அளவுக்குத் தேறிவிட்டார். மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வரலாற்றைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. குழாய் வேலை செய்பவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்.

எங்கள் விடுதியில் இது கூட்டம் அதிகமான காலம். சலவைக்கூடத்தில் இயந்திரம் நிற்பதே இல்லை. போர்வை, தலையணை உறை, துண்டு என்று மலை மாதிரி வந்து விழுகிறது. எனக்குக் கீழே இப்போது ஐந்து பெண்கள். அதில் மூன்று பேருக்கு இங்கே வந்துதான் வெள்ளைத் துணியையும் கலர்த் துணியையும் பிரிக்கத் தெரிந்தது. நீங்கள் போன முறை கொண்டுவந்த ரோஜா வாசனை சோப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த பெட்டியைப் பிரித்திருக்கிறேன்.

இனி கோபம். இந்த முறை லீவு வேண்டாம், கப்பலிலேயே இன்னொரு தவணை இருந்துவிடக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் என்னை யாரும் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி வேறு. யாரும் என்றால் யார்? உங்கள் அம்மா எதிர்பார்க்கிறார், மகள் எதிர்பார்க்கிறாள். மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். என்னைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

போன லீவில் நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு அத்தை அறைக்குப் போனது உண்மை. அவருக்கு முட்டிவலி, ராத்திரி துணை வேண்டும் என்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. நம்பாதவர் கேட்டிருக்கலாம். கேட்காமல் வாயை மூடிக்கொண்டு, லீவு முடிவதற்கு நாலு நாள் முன்னாலேயே கப்பல் கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்று கிளம்பிவிட்டீர்கள். யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்கும் தெரியும்.

காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. உங்கள் மேல் எனக்கு வெறுப்பும் இல்லை, அலுப்பும் இல்லை. உடம்பில் ஒரு தொந்தரவு. போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் பேசும் இடத்தில் நாலு பேர், நான் பேசும் இடத்தில் உங்கள் அம்மா. நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன். அதுவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை உங்கள் மனைவியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரை இன்னும் விட்டுவிடாத
நுரை


என் வீட்டுக்காரருக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். சமையலறையில் நின்று படிக்க வேண்டாம். கப்பலில் அத்தனை பேருக்குச் சமைக்கிறவர் நீங்கள், அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் அந்தப் பழியும் என் தலையில் விழும்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அரிப்பு. கையிலோ காலிலோ இல்லை, பெண்களின் மறைவிடத்தில். எழுதிவிட்டேன். இனி மற்றதெல்லாம் எளிது.

நீங்கள் போன லீவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முதலில் உடம்புச் சூடு என்று நினைத்து நிறையத் தண்ணீர் குடித்தேன். பிறகு அழுக்கு என்று முடிவு செய்தேன். நாள் முழுவதும் நீராவிக்கு நடுவில் வேர்த்துக்கொண்டு நிற்கிற வேலை. அரித்தால் அழுக்கு, அழுக்கென்றால் கழுவு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். எழுந்ததும் கழுவினேன், வேலைக்கு நடுவில் கழுவினேன், வீட்டுக்கு வந்ததும் கழுவினேன். உங்கள் சோப்பைத்தான் போட்டேன், அதுவும் தாராளமாக. அது போதாதென்று விடுதியில் தரை துடைக்க வைத்திருக்கும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவினேன். நெருப்பு மாதிரி எரியும். எரிந்தால் நோய் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. சனிக்கிழமை கடைசிச் சுற்றில் எங்கள் வீட்டுத் துணிகளையும் இயந்திரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று மேலாளர் அனுமதி கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? நானும் பெருமையாக உங்களுக்கு எழுதினேன். என் உள்ளாடைகளும் அதில்தான் போயின. விடுதிப் போர்வைக்குப் போடுகிற கார சலவைத்தூள், வெளுப்பு மருந்து, கடைசியில் வாசனைத் தண்ணீர். விருந்தாளி துணியை மூன்று முறை அலசுகிற நாங்கள், வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் எங்கள் துணியை ஒரே அலசலில் எடுத்துவிடுவோம். மிச்சத் தூளெல்லாம் துணியிலேயே நின்றிருக்கிறது. ஊருக்கெல்லாம் அலசத் தெரிந்தவளுக்குத் தனக்கு அலசத் தெரியவில்லை.

நடுவில் மருந்துக்கடைக்கும் போனேன். வாயைத் திறந்து சொல்ல முடியுமா? காலில் சேற்றுப்புண் என்று பொய் சொன்னேன். கடைக்காரர் மேசைக்கு மேலே எட்டிப் பார்த்து, எந்தக் கால், காட்டுங்கம்மா என்று கேட்டுவிட்டார். நான் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு என்றேன். அந்தத் தெருவில் இப்போது உங்கள் காலுக்குத்தான் கெட்ட பெயர். அவர் கொடுத்த களிம்பைப் போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், விட்டால் முன்னைவிட வேகமாக வரும். அப்படியே குழாய் குழாயாக வாங்கித் தீர்த்தேன்.

அடுத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களையும் சந்தேகப்பட்டேன். துறைமுகம் துறைமுகமாகப் போகிற மனிதர், எங்கேயோ எதையோ ஒட்டவைத்துக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் தூக்கமில்லை. அதற்கு மேல் அங்கே தோல் வெடித்திருந்தது. நீங்கள் பக்கத்தில் வந்தால் வலிக்கும் என்ற பயம் வேறு. அதனால்தான் அத்தை அறை. எனக்கு உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் நான் இப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம்.

என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது எங்கள் இஸ்திரி அக்கா. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "ரொம்ப நாளா பாக்குறேன், நின்ன இடத்துல நிக்க மாட்டேங்குற. எங்கடி அரிக்குது?" என்றார். சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். "சூடுன்னா மொதல்ல எனக்குல்ல வரணும்? நாள் பூரா இஸ்திரிப் பெட்டிகூட குடும்பம் நடத்துறது நானு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? சொல்லிவிட்டேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிட்டார்.

டாக்டர் பெண்தான், என்னைவிட வயதில் சின்னவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதை, தலைவலி என்று சொன்னதைக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டார். வெள்ளைப்படுகிறதா, நாற்றம் உண்டா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, சர்க்கரை பார்த்தீர்களா, என்ன சோப்பு, என்ன சலவைத்தூள், உடம்பில் வேறு எங்காவது அரிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். நான் பெருமையாக வெளிநாட்டு சோப்பு என்றேன். இஸ்திரி அக்கா என்னை முறைத்தார். "அரிப்பு ஒண்ணுதான், காரணம் பல இருக்கும்மா. பூஞ்சையா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், வயசானா வர்ற வறட்சியா இருக்கலாம், சோப்பு ஒத்துக்காம இருக்கலாம். பாக்காம மருந்து எழுத மாட்டேன்" என்றார் டாக்டர்.

பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். நாற்பத்தைந்து வயதில் என் உடம்பை நானே முதல் தடவையாகப் பார்த்தேன். வெட்கம் ஒரு நொடிதான் இருந்தது. தோல் அங்கங்கே வெளுத்து, மெலிந்து, சுருங்கியிருந்தது. வெளுப்பு மருந்து போட்டுப் போட்டு நூல் நொந்துபோன தலையணை உறை மாதிரி இருந்தது. அப்படி ஒரு உறை வந்தால் நான் எந்தப் பெண்ணையும் அதைத் தேய்க்க விடமாட்டேன், தொட்டாலே திட்டுவேன். என் தோலைத்தான் இத்தனை நாள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நோயின் பெயர் லைக்கன் ஸ்கிலிரோசஸ். உங்கள் கப்பல் போய் நிற்கிற ஏதோ ஒரு துறைமுகத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா? உடம்பைக் காக்கிற சக்தியே தடம் மாறிப்போய்த் தன் தோலையே தொந்தரவு செய்கிறதாம். ஏன் என்று முழுதாக யாருக்கும் தெரியாதாம். இது ஒட்டாது, பரவாது, யாரிடமிருந்தும் வராது. அந்த இடத்தில் உங்களை நினைத்துக்கொண்டேன். சோப்பும் கிருமிநாசினியும் நோயைக் கொண்டுவரவில்லை, வந்த நோயைக் கிளறிவிட்டிருக்கின்றன. "அழுக்கே இல்லம்மா. கழுவிக் கழுவித்தான் புண்ணாக்கி வச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இஸ்திரி அக்கா தன் கைக்குட்டையைக் கொடுத்தார். கோடு கலையாமல் மடித்து வைத்திருந்தார், அதை விரிக்கவே மனசு வரவில்லை.

களிம்பு கொடுத்திருக்கிறார். வீரியமான ஸ்டீராய்டு மருந்து. முதலில் தினமும் படுக்கும்போது, விரல் நுனியில் கொஞ்சம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. அடங்கிவிட்டது என்று நானாக நிறுத்தக்கூடாது. பெட்டிக்குள் இருந்த தாளில் மறைவிடத்தில் போடக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. டாக்டர் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள், நோயைப் பார்த்து அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என்னவென்று தெரியாமல் வாங்கிப் போடுவதுதான் ஆபத்து என்று. இனி அங்கே சோப்பு கிடையாது. வெறும் தண்ணீர், அதுவும் அளவாக. வாசனை இல்லாத வழவழப்பான களிம்பு ஒன்று தோல் காயாமல் இருக்க. தளர்ந்த பருத்தித் துணி. அரித்தால் நகம் படாமல் ஈரத்துணியை வைத்துக்கொள்ள வேண்டும். நகங்களையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டேன். இப்போது சோப்பு டப்பா மூடியைத் திறக்கக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. ஒரு இடம் தடித்து, ஆறாமல் இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு மிளகளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மிகச் சிலருக்கு இது பல வருடம் கழித்துப் புற்றாக மாறலாமாம். என்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். எதுவாக இருந்தாலும் வருடா வருடம் காட்ட வேண்டும். முடிவு வர இரண்டு வாரமாகும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையில் இஸ்திரி அக்காவைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது, அத்தையிடம் சொல்ல முடியாது. உங்களிடம்தான் சொல்ல முடியும், நீங்களோ தண்ணீருக்கு நடுவில் இருக்கிறீர்கள். இதைப் படித்த பிறகும் கையெழுத்துப் போடத் தோன்றினால் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் தெரியாமல் போட்டுவிடக்கூடாது என்றுதான் இத்தனையும் எழுதினேன். சாப்பிட்டீர்களா என்று எல்லோரையும் கேட்கிறவர், நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நுரை


என் வீட்டுக்காரருக்கு,

முதலில் நல்ல செய்தி. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. டாக்டர் சொன்ன அதே நோய்தான், வேறொன்றும் இல்லை. இஸ்திரி அக்கா அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று கேட்ட பெண்களிடம், என் இஸ்திரிப் பெட்டிக்குப் பிறந்தநாள் என்றார்.

உங்கள் கடிதமும் அதே வாரத்தில் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போடவில்லை என்ற வரியைத்தான் முதலில் தேடினேன், அப்புறம்தான் உட்கார்ந்து மற்றதைப் படித்தேன். வாழ்நாளில் நாலு வரிக்கு மேல் எழுதாத மனிதர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ கண்டபடி நினைச்சேன், ஒரு வார்த்தை கேக்கலையே என்று எழுதிய இடத்தில் மை கலைந்திருந்தது. சமையலறையில் நின்றுதான் படித்திருக்கிறீர்கள், இல்லையா? வெங்காயத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். நானும் அழுதேன், என் பக்கத்தில் வெங்காயமே இல்லை.

அரிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில்தான், ராத்திரி முழுக்க ஒரே தூக்கமாகத் தூங்கியிருக்கிறேன் என்று புரிந்தது. வெளுத்த தோல் முழுக்கப் பழையபடி ஆகாமலும் போகலாம், நோய் அடங்கிக் கிடக்கும், மறுபடி எழும்பவும் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரேயடியாகத் தீர்ந்தது என்று பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. சனிக்கிழமைச் சலவையிலும் சட்டம் மாற்றிவிட்டேன். எங்கள் துணிக்கும் இனி மூன்று அலசல். அவசரம் என்று முணுமுணுத்த பெண்களிடம் காரணத்தை நானே சொன்னேன். ஒருத்தி அப்புறமாகத் தனியே வந்து டாக்டர் உட்காரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனாள்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு செய்தி. நான் நகம் வெட்டுவதையும் ஈரத்துணியோடு அலைவதையும் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கோபம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "அந்த டாக்டரம்மா என்னையும் பாப்பாங்களா?" என்று கேட்டார். எத்தனை வருடமாக என்று நான் கேட்டதற்கு, பஸ் போய்விடும், நட என்றார். நான் அதே அறையில் படுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். அவரும்தான்.

அவருக்கு என் நோய் இல்லை. சர்க்கரை ஏறியிருக்கிறது, அதனால் பூஞ்சை. மருந்தும் வேறு, வைத்தியமும் வேறு. ஒரே அரிப்புதானே என்று என் களிம்பை அவரிடம் நீட்டியிருந்தால் வம்பாகியிருக்கும். இப்போது இனிப்பு டப்பாவைப் பூட்டி வைத்திருக்கிறேன், சாவியைத் தேடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. போனில் பேசும்போது சர்க்கரையைப் பற்றி மட்டும் கேளுங்கள். மற்றது உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தால் என்னை வீட்டைவிட்டே துரத்திவிடுவார்.

உங்கள் சோப்புகளை யாருக்கும் கொடுக்கவில்லை. இஸ்திரி அக்கா ஒன்று கேட்டார், அவருக்கும் இல்லை என்றேன். பிரிக்காத பெட்டிகளை எல்லாம் போர்வை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் நீங்கள் வந்து பெட்டியைப் பிரிக்கிற வாசனை வருகிறது. போகிற இடத்தில் எல்லாம் என்னை நினைத்து வாங்கியவை, அவற்றின் மேல் எனக்கு என்ன கோபம்? கைக்குப் போட்டுக்கொள்வேன்.

குழாய் சரியாகிவிட்டது. வேலை செய்பவர் வரவில்லை, மகளே ஒரு வாஷர் வாங்கிவந்து போட்டாள். வரலாற்றில் எவ்வளவு என்பதை நீங்கள் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த உடனே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அவசரம் வேண்டாம், வலித்தால் சொல்லுங்கள், அவரும் கேட்டு நடந்துகொள்ளட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொல்கிறேன். நீங்கள் கேளுங்கள். நமக்கு இரண்டுமே பழக்கமில்லை, பழகிக்கொள்வோம். அத்தை அறையில் இருந்த என் தலையணையை நேற்று நம் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் தலையணைக்கும் உறை மாற்றியிருக்கிறேன், மூன்று முறை அலசியது.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இனி சோப்பு ஆகாதென்றால் உனக்கு என்னதான் வாங்கிக்கொண்டு வரட்டும் என்று. ஒன்றும் வேண்டாம். கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்த முறை வெறுங்கையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
நம் அறையிலிருந்து,
நுரை